தூண்டிலில் ஒன்றுமே மாட்டாத நாள்: மேட்டூரிலும் சேலத்து ஏரிகளிலும் எதை முதலில் சரிபார்ப்பது?

காலையிலிருந்து கரையில் உட்கார்ந்து மதியமாகியும் தக்கை அசையவே இல்லை என்றால், புதிதாகத் தூண்டில் பிடித்தவர்கள் உடனே செய்வது இரையை மாற்றுவதுதான். மண்புழுவைக் கழற்றிவிட்டு மாவு, மாவைக் கழற்றிவிட்டுக் கோழிக்குடல், அதற்கும் ஒன்றும் வரவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "நீங்க என்னங்கண்ணா போட்டீங்க?" என்று கேட்டு அதையும் வாங்கிக் கோத்துப் பார்ப்பது. கேட்பதில் தப்பில்லை, ஆனால் வரிசை தலைகீழ். மீன் இருக்கிற மட்டத்துக்குப் பத்தடி மேலே தொங்கிக்கொண்டிருக்கிற இரை எவ்வளவு ருசியாக இருந்து என்ன பயன்?

நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஆழம், அடுத்து இடம், அப்புறம் தண்ணீரும் நேரமும், அதற்கப்புறம் முள், நரம்பு (தூண்டிலின் நைலான் இழை), தக்கை, கடைசியில்தான் இரை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடம், ஆழம், இரை மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி ஒரு மீன் விழுந்துவிட்டால், எதனால் விழுந்தது என்று தெரியாமல் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபது, முப்பது நிமிடமாவது கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்து இழுத்துப் பார்த்தால் இருக்கிற மீனும் போய்விடும்.

மேட்டூர் நீர்த்தேக்கக் கரை, சேலத்தைச் சுற்றியுள்ள ஏரிகள், வாழப்பாடி பக்கத்து ஆனைமடுவு, கரியகோயில் அணைகள், இவற்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஏற்காட்டில் டிரவுட் கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காது. அது குளிர்ந்த, ஓட்டமுள்ள தண்ணீர் கேட்கும் மீன், தமிழ்நாட்டில் அதற்கு நீலகிரி அவலாஞ்சி பக்கம்தான் போக வேண்டும். நமக்குக் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி, வாளை, விரால். இது போதாதா?

தூண்டில் போடும் முன்னால்

ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர் ஏரிகள் பலவற்றில் மீன்பிடி உரிமை ஏலத்தில் போயிருக்கும், எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார்ந்தால் சண்டைதான் வரும், வருவது நியாயமும்கூட. கேட்டால் பெரும்பாலும் "சும்மா ரெண்டு பிடிச்சிக்கங்க தம்பி" என்பார்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்வளத் துறையின் உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை கட்டிப் பிழைக்கிறார்கள். எந்தக் கரையில் தூண்டில் போடலாம், எங்கே கூடாது என்று அவர்களையோ துறை அலுவலகத்தையோ கேட்டுவிட்டு உட்காருங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் உட்காரப்போகும் கரைக்கும் ஆழத்துக்கும் நடுவே யாராவது வலை கட்டியிருந்தால் அங்கே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் வீண், ஆழத்திலிருந்து கரைக்கு மேய வரும் மீனை வலை முன்னாலேயே மறித்துவிடும். தண்ணீரின் மேல் வரிசையாகத் தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோ மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுங்கள்.

ஆழம்

எந்த மீன் எந்த மட்டத்தில் மேயும் என்பதை அதன் வாயே சொல்லிவிடும். மார்க்கெட்டில் ஒரு கட்லாவைக் கையில் எடுத்துப் பாருங்கள், பெரிய தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய், மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளித் தின்பதற்கு ஏற்ற அமைப்பு. மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும், அது தரையில் மட்கையும் சேற்றையும் கிளறி மேய்கிற மீன். ரோகு நடுத்தண்ணீர். இந்த மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்ப்பதே, ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கை வைக்காது என்பதால்தான். கெளுத்தியும் வாளையும் அடித்தரை. ஜிலேபி கரையோரத்து மேட்டில் எங்கும் திரியும்.

ஆக, கட்லா குதிக்கிற ஏரியில் ஈயத்தைக் கட்டி இரையைத் தரையில் கிடத்திவிட்டு "மீன் துள்ளுது, கடிக்க மாட்டேங்குது" என்று புலம்பினால் குறை மீனிடம் இல்லை.

தரை எத்தனை அடியில் இருக்கிறது என்று அளக்காமல் தக்கையை வைக்காதீர்கள். அளப்பது சுலபம். தக்கை மூழ்கிப்போகும் அளவுக்குக் கனமான ஈயக்குண்டு ஒன்றை முள்ளில் மாட்டி, போட நினைக்கும் இடத்தில் வீசுங்கள். தக்கை உள்ளே போய்விட்டால் ஆழம் நீங்கள் வைத்ததைவிட அதிகம், தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை படுத்துக்கிடந்தால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் நேராக நிற்கும்போது தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள நீளம்தான் அந்த இடத்தின் ஆழம். நரம்பில் அந்த இடத்தில் நூலால் ஒரு முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டால், அதன் பிறகு எவ்வளவு ஏற்றினோம் இறக்கினோம் என்ற கணக்கு தப்பாது. வலப்பக்கம் ஐந்தடி, இடப்பக்கம் ஐந்தடி தள்ளியும் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் தரை சட்டென்று இரண்டு மூன்று அடி இறங்கினால், அந்த விளிம்புதான் உங்கள் இடம். மீன் அந்த விளிம்பை ஒட்டியே போய்வரும்.

அளந்தாகிவிட்டதா? இப்போது தரையைத் தொட்டபடி ஆரம்பித்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓரடி மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள், கட்லாவைத்தான் குறி வைக்கிறீர்கள் என்றால் மேலிருந்து கீழே. இரை அதே, இடம் அதே, மாறுவது ஆழம் மட்டும். வெறுங்கை நாள் என்று நினைத்தவை பலவும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

இது நம்ம ஊர்ச் சமாச்சாரம் மட்டுமில்லை. கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் லேக் டிரவுட் என்று ஒரு பெரிய மீன் உண்டு, சுமார் 10 டிகிரி குளிர்ச்சியைத் தேடும் ஜாதி, கோடையில் மேல்தண்ணீர் சூடானதும் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே படகின் பின்னால் செயற்கை இரையை மெதுவாக இழுத்துக்கொண்டு போய்ப் பிடிக்கிறார்கள். இரை மேலே வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கம்பியில் கனமான குண்டு கட்டி, இத்தனை அடி என்று குறித்து அந்த மட்டத்துக்கே இறக்குகிறார்கள். ஒன்றும் விழாத நாளில் அங்கேயும் முதலில் பார்ப்பது ஆழம், அடுத்தது படகின் வேகம், இரையின் நிறமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இடம்: பேப்பரில் வரும் அந்த நம்பர்

மேட்டூருக்குப் போகிறவர்களுக்குத் தினமும் இலவசமாக ஒரு துப்பு கிடைக்கிறது, யாரும் அதை மீனுக்காகப் படிப்பதில்லை. அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று எல்லாப் பேப்பரிலும் வரும். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த மொத்தக் கணக்கு விவசாயிகளுக்கு, நமக்கு வேண்டியது நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் தண்ணீர் புதிதாகப் புல்தரையையும் காய்ந்த நிலத்தையும் நனைக்கும், அதிலிருந்து புழுவும் பூச்சியும் வெளியே வரும், மீன் அதைத் தேடிக் கரைக்கு வரும். அப்போது நீங்கள் தூரமாக வீசத் தேவையில்லை, முழங்கால் ஆழத்திலேயே கிடைக்கும். மட்டம் இறங்கிக்கொண்டிருந்தால் நேர்மாறு. மீன் கரையை நம்பாது, ஆழத்து விளிம்புக்குப் பின்வாங்கிவிடும். போன வாரம் ஏறுகிற தண்ணீரில் கைநிறையப் பிடித்த அதே பாறைமேல் இந்த வாரம் இறங்குகிற தண்ணீரில் உட்கார்ந்து ஒன்றும் இல்லை என்றால் அதில் அதிசயம் என்ன இருக்கிறது? பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் கரை சரிவு குறைவான இடங்களில் மட்டம் ஓரடி இறங்கினாலே தண்ணீர் ஓரம் நிறைய தூரம் உள்ளே போய்விடும். நீங்களும் அதோடு நகர வேண்டும்.

வழக்கமாக ஜூன் 12-ல் டெல்டா பாசனத்துக்கு அணை திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள், தண்ணீர் இருப்பைப் பொறுத்து தேதி முன்பின் ஆவதும் உண்டு. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்து கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பினால் ஜூலை, ஆகஸ்டில் மட்டம் மளமளவென்று ஏறும். மற்ற நாட்களில் பெரும்பாலும் இறக்கம்தான். காலண்டரில் இதைக் குறித்துக்கொண்டு, ஏறுகிற வாரங்களில் லீவு போடுங்கள்.

தண்ணீர் நன்றாக வற்றிய கோடையில் தூண்டிலே இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள் என்று புதியவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வேன். 1934-ல் அணை வந்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அப்போது வெளியே தெரியும், பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியையும் தேவாலயத்தின் கோபுரத்தையும் பார்க்கக் கூட்டம் வரும். கூட்டம் நந்தியைப் பார்க்கட்டும், நீங்கள் தரையைப் பாருங்கள். எங்கே பாறை, எங்கே பழைய சுவர், எங்கே வேர்க்கட்டை, எங்கே வாய்க்கால் தடம் என்று போனில் படம் எடுத்து, கரையில் உள்ள ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளமாக வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு மீன் ஒதுங்கும் இடங்கள் அவைதான், உங்கள் முள் சிக்கி அறுந்துபோகும் இடங்களும் அவைதான். இரண்டையும் தெரிந்து வைத்திருப்பவர் சிக்கலுக்கு ஓரடி தள்ளிப் போடுவார்.

காற்றையும் கவனியுங்கள். ஆடியில் மேல்காற்று அடித்தால் மேல்மட்டத்துத் தண்ணீரோடு மிதக்கும் நுண்ணுயிர்களும் கிழக்குக் கரைப் பக்கம் போய்ச் சேரும், கட்லா அதன் பின்னால் போகும். ஆனால் நாம் என்ன செய்கிறோம், முகத்தில் காற்று அடிக்கிறது, வீசுவது கஷ்டம் என்று அலையில்லாத மேற்குக் கரையில் சுகமாக உட்கார்ந்துகொள்கிறோம். கஷ்டமான கரைக்குப் போங்கள். (ஆடிப்பெருக்கு அன்று மட்டும் மேட்டூர் பக்கமே வேண்டாம், ஊரே ஆற்றில் இறங்கிக் குளித்துக்கொண்டிருக்கும்.)

ஊர் ஏரி என்றால் வேலை இன்னும் சுலபம்: தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் முகம், மதகை ஒட்டிய ஆழம், கரைக்கல்லின் அடிவாரம், ஆகாயத்தாமரைப் பத்தையின் ஓரம். இந்த நான்கையும் முயலாமல் ஏரி நடுவே வீசுவதில் அர்த்தமில்லை.

தண்ணீரும் நேரமும்

விடியற்காலையில்தான் மீன் கடிக்கும் என்பது பாதி உண்மை. பச்சைப்பசேல் என்று பாசி கலந்த ஏரியில் பகலில் பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதே பாசியும் மற்ற உயிர்களும் அதை எடுத்துக்கொள்ளும், அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான். அந்நேரம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, பசியில் வருகிறது என்று குஷியாகத் தூண்டிலைப் போடுவார்கள். அது பசி இல்லை, மூச்சுத்திணறல். மூச்சு முட்டுகிற மீன் இரையைத் தொடாது. அப்படிப்பட்ட ஏரியில் ஒரு டீ குடித்துவிட்டு வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள், ஒன்றும் நஷ்டமில்லை. தெளிந்த தண்ணீர் என்றால் விடியற்காலை நல்ல நேரமே.

விராலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது வெளிக்காற்றையே சுவாசிக்கக்கூடிய மீன். மற்றவை திணறும் தண்ணீரிலும் அது சௌகரியமாக இருக்கும்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தேங்கிய பக்கங்களில் சில சமயம் பச்சைப் படலம் கட்டி நாற்றம் அடிக்கும். அங்கே நேரத்தை வீணாக்காமல் காற்றும் அலையும் உள்ள பக்கத்துக்கு மாறிவிடுங்கள். பிடித்தாலும் அந்தத் தண்ணீர் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்ல எனக்கு மனசு வராது.

சேர்வராயன் மலையில் மழை கொட்டினால் அடிவாரத்தில் கன்னங்குறிச்சி புது ஏரிக்கும், அங்கிருந்து மூக்கனேரிக்கும் செம்மண் கலந்த தண்ணீர் வந்து சேரும். இப்படி மலைத்தண்ணீர் வந்து இறங்கும் எந்த ஏரியிலும் முதல் நாள், இரண்டாம் நாள் கலங்கலில் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன் தடுமாறும், மீசையால் தடவி, வாசனையால் தேடும் கெளுத்திக்கு அதுவே கொண்டாட்டம். அந்த நாளில் மாவு உருண்டையை மூட்டை கட்டிவிட்டு மண்புழுக் கொத்தைத் தரையில் கிடத்துங்கள். கெளுத்தியைக் கழற்றும்போது கவனம், பக்கத்துத் துடுப்புகளிலும் முதுகிலும் உள்ள முள் குத்தினால் கை வீங்கி அன்றைக்கு வண்டி ஓட்டவே சிரமப்படுவீர்கள். துணி வைத்துப் பிடியுங்கள்.

சித்திரை வெயிலில் மத்தியானம் பதினொன்றிலிருந்து மூன்று வரை என்ன மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. நிழலில் படுத்துத் தூங்குங்கள்.

சத்தமும் நிழலும்

இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கெண்டை வகைக்கும் (கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் இதில்தான்) கெளுத்தி வகைக்கும் காற்றுப்பையிலிருந்து உள்காதுக்குச் சிறு எலும்புகளின் தொடர் இருக்கிறது, அதனால் அவற்றின் கேட்கும் திறன் மற்ற பல மீன்களைவிட அதிகம். தண்ணீருக்கு வெளியே நாம் பேசுவது பெரிதாக உள்ளே போகாது. கரையில் தொம் தொம் என்று நடப்பதும், பரிசலில் துடுப்பைத் தட்டுவதும், கல்லை உருட்டுவதும் நன்றாகப் போகும். வண்டியைத் தள்ளியே நிறுத்துங்கள். காலையில் கிழக்குப் பார்த்த கரையில் உட்கார்ந்தால் நிழல் பின்னால் விழும், அதே கரையில் சாயங்காலம் உட்கார்ந்தால் உங்கள் நிழல் தண்ணீருக்குள் நீண்டு ஆடும். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

முள், நரம்பு, தக்கை

கடையில் "பெரிய மீனுக்குப் பெரிய முள்" என்று கொடுப்பதை வாங்கிவந்து ஜிலேபி பிடிக்க உட்காருவது ரொம்ப சகஜம். முள்ளின் நம்பர் கூடக்கூட அளவு சிறியது என்பதை நினைவில் வையுங்கள். ஜிலேபியின் சின்ன வாய்க்கு 8, 10 நம்பர். ரோகு, மிர்காலுக்கு 4, 6. விராலுக்கும் வாளைக்கும்தான் அதைவிடப் பெரியவை. இரை மட்டும் காணாமல் போய் முள் சுத்தமாக வருகிறது என்றால் மீன் இருக்கிறது, கடிக்கிறது, உங்கள் முள்தான் அதன் வாய்க்குள் போகவில்லை. இரண்டு நம்பர் சிறிதாக்குங்கள். ஜிலேபிக்கு 0.20 அல்லது 0.25 மி.மீ. நரம்பு தாராளம், கெண்டை வகைக்கு 0.35. தெளிந்த தண்ணீரில் தடித்த நரம்பு போட்டால் இரை நெட்டுக்குத்தாக, இயல்பில்லாமல் தொங்கும்.

தக்கை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், ஏனென்றால் கடி வந்தும் தெரியாமல் போகிற நாளைத்தான் நிறைய பேர் கடியே வராத நாள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தக்கை பாதிக்குமேல் வெளியே நின்றுகொண்டிருந்தால், சின்ன மீன் கடிப்பது மேலே தெரியவே தெரியாது, அதை இழுத்து மூழ்கடிக்க வேண்டிய கனத்தை உணர்ந்ததும் மீன் இரையைத் துப்பிவிடும். நுனி ஒரு விரல் அகலம் மட்டும் தெரிகிற மாதிரி, சிறு சிறு ஈயத்தைச் சேர்த்துச் சேர்த்துச் சரிசெய்யுங்கள். மயிலிறகுத் தண்டில் செய்த பழைய தக்கை இதற்கு இன்றும் அருமை. கடையில் விற்கும் உருண்டைச் சிவப்புத் தக்கை பார்க்க அழகு, அவ்வளவுதான்.

கடி என்றால் தக்கை உள்ளே போவது மட்டும் என்று நினைக்காதீர்கள். தரையில் கிடக்கும் இரையை மீன் எடுத்துக்கொண்டு மேலெழுந்தால் ஈயத்தின் கனம் தக்கைக்கு இல்லாமல் போகும், தக்கை மேலே எழும்பும், சில சமயம் அப்படியே படுத்துக்கொள்ளும். அதுவும் கடிதான், அந்த நொடியிலேயே கையைச் சுண்ட வேண்டும். தக்கை பக்கவாட்டில் மெதுவாக நகர்வதும் கடிதான். டுக் டுக் என்று ஆடிக்கொண்டே இருந்தால் குஞ்சு மீன் கொத்துகிறது, விட்டுவிடுங்கள்.

முள்ளின் கூர்மையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் தூக்கிப் போடுங்கள், கீறினால் சரி.

இரை

இப்போதுதான் இரை. மண்புழுவில் ஜிலேபி, கெளுத்தி, சின்னக் கெண்டை எல்லாம் விழும், புதியவர்கள் வேறெதையும் தேட வேண்டியதில்லை. கெண்டைக்குக் கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை. தண்ணீரில் போட்ட இரண்டு நிமிடத்தில் கரைந்துபோகிற பதத்தில் பிசைந்துவிட்டு வெறும் முள்ளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தவம் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. காலடியில் தெரிகிற தண்ணீரில் ஒரு உருண்டையைப் போட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். ஐந்தாறு நிமிடமாவது நிற்க வேண்டும், கல்லாகவும் இருக்கக் கூடாது, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. உருண்டைக்கு வெளியே முள் நுனி லேசாகத் தெரிய வேண்டும், முழுக்கப் புதைத்தால் சுண்டும்போது உருண்டைதான் அசையும், முள் பிடிக்காது.

மீனைக் கூட்ட முன்னாலேயே தூவும் தீனிக்கு, சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத்தீவனமாக மலிவாகக் கிடைக்கும். அதைத் தவிட்டோடும் கொஞ்சம் புண்ணாக்கோடும் நனைத்து உருட்டினால் நன்றாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் போனதும் மெல்ல உதிரும். அளவுதான் முக்கியம். ஆரம்பத்தில் இரண்டு மூன்று உருண்டை, பிறகு அரைமணிக்கு ஒன்று. ஆசையில் ஒரு பை முழுக்கக் கொட்டினால் மீன் வரும், வயிறு நிறையத் தின்னும், உங்கள் முள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரிடம் வாசலில் வடை விற்கிற கதை.

கையில் பெட்ரோல், சிகரெட், கொசு மருந்து வாசனையோடு இரையைத் தொடாதீர்கள். ஏரிச் சேற்றைக் கையில் தேய்த்துக் கழுவிவிட்டு முள்ளில் கோத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

விராலும் ரப்பர் தவளையும்

ராடும் ரீலும் வாங்கிய இளைஞர்கள் இப்போது முதலில் ஆசைப்படுவது, ரப்பர் தவளையைச் செயற்கை இரையாக வீசி விரால் பிடிப்பதற்குத்தான். வெறுங்கையோடு வருவதற்கு முக்கியமாக இரண்டு காரணம். ஒன்று, தவளையைத் திறந்த தண்ணீரில் வீசி வேகமாக இழுப்பது. விரால் பதுங்கியிருப்பது செடிக்கடியில், அதனால் இலைமேல் விழவைத்து, மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீருக்குள் நழுவியதும் சற்று நிறுத்தி, அப்புறம் ஒரு சின்னத் துள்ளல். அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும். இரண்டு, அடித்த சத்தம் கேட்டதும் பதறி இழுப்பது. ராடின் நுனியைத் தாழ்த்தி, நரம்பு இறுகி மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு ஓங்கிச் சுண்டுங்கள்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகப் பந்து மாதிரி மேலே வந்து போவதைக் கண்டால் அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் நிச்சயம் அடிக்கும், கோபத்தில். போடாதீர்கள். காவல் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. ஜிலேபியிலும் இப்படி ஒன்று உண்டு, முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்திருக்கும் தாய் அந்த நாட்களில் இரை எடுக்காது. கரையோரம் வட்டவட்டமாகக் குழி தோண்டியிருப்பது தெரிந்தும் கடி குறைவாக இருந்தால் அது ஒரு காரணமாக இருக்கலாம்.

பரிசலில் இழுத்துப் பார்க்க ஆசை என்றால்

அனுமதியும் அனுபவமுள்ள பரிசல்காரரும் லைஃப் ஜாக்கெட்டும் மூன்றும் இருந்தால் மட்டும். வாளைக்காகச் செயற்கை மீனைப் பின்னால் விட்டு இழுக்கலாம், ஆனால் பரிசல் சுற்றிக்கொண்டே போகிற சாதனம், வேகமும் ஒரே சீராக இருக்காது. கடி இல்லை என்றால் முதலில் அந்தச் செயற்கை மீனைப் பரிசலின் ஓரத்திலேயே தண்ணீரில் விட்டு, போகிற வேகத்துக்கு அது உயிருள்ளதைப் போல நெளிகிறதா, இல்லை குச்சி மாதிரி வருகிறதா, தலைகீழாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். குச்சியாக வந்தால் வேகம் கூட்டச் சொல்லுங்கள், சுழன்றால் குறையுங்கள். இரையில் ஒரு இழை பாசி சிக்கியிருந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான், அடிக்கடி எடுத்துப் பாருங்கள். அணைக்கு மேலே ஒகேனக்கல் பக்கத்துத் தண்ணீரில் முதலை உண்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். நீர்வரத்து கூடியிருக்கிற நாளில் பரிசல் பேச்சே கூடாது. அணைக்குக் கீழே ஆற்றில் உட்காருவதும் அப்படித்தான், உபரி நீர் திறந்தால் பாறைமேல் நிற்பவருக்கு ஓட நேரம் இருக்காது.

எப்போது எழுந்து போவது?

ஆழத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தாயிற்று, இரண்டு இடம் மாறியாயிற்று, முள் சிறிதாக்கி, தக்கையைச் சரிசெய்து, இரையும் ஒருமுறை மாற்றியாயிற்று, இன்னும் ஒன்றுமில்லை. சரி, மூட்டை கட்டுங்கள். அறுந்த நரம்புத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கொக்கு, நாரையின் காலில் சுற்றினால் அவை பிழைப்பது கஷ்டம்.

வீட்டுக்கு நேரே போகாமல், மேட்டூர் என்றால் அணைப்பக்கத்து மீன் கடைகளுக்குப் போங்கள். வறுத்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு வந்திறங்கிய மீன்களைப் பாருங்கள். கட்லா அதிகமா, ஜிலேபி அதிகமா, அடித்தரை மீனான கெளுத்தி, வாளை வந்திருக்கிறதா? பரிசலிலிருந்து இறங்கியவர் யாராவது இருந்தால் "எந்தப் பக்கம் வலை கட்டினீங்கண்ணா, மேலாப்புலயா அடியிலயா?" என்று கேளுங்கள். மேல்வலையில் நிறைய விழுந்திருக்கும், நீங்கள் காலையிலிருந்து தரையில் போட்டிருப்பீர்கள், அல்லது நேர்மாறாக. அவர் சொன்ன பக்கம், ஆழம், அன்றைய நீர்மட்டம், காற்று வந்த திசை, நாலையும் போனில் தேதியோடு எழுதிக்கொண்டு, அடுத்த தடவை தக்கையை அந்த ஆழத்தில் வைத்து ஆரம்பியுங்கள்.